இரண்டு சாயங்காலங்களின் பூ

மாவீரர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் போரில் வென்றார், எந்தக் கோட்டையைக் கைப்பற்றினார் என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்துவிடலாம். நம்முடைய நாயகர் ஆயுள் முழுக்கக் கைப்பற்றியது ஒரு பென்சிலைத்தான். அதையும் பாதி நேரம் காதில் செருகிவைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார். அதனால் அவருக்குப் பென்சில் என்றே பேர் நிலைத்துவிட்டது. பெற்றோர் வைத்த பேர் அலுவலகச் சம்பளப் பதிவில் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேலை, தாவரத் தோட்டத்தின் பின்பக்கத்தில் இருந்த கூடத்தில். உலர்த்திய செடிகளை அட்டையில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கி, அந்துருண்டை போட்டுக் காவல் காக்கும் இடம் அது. உயிரோடிருந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்காத களைச்செடிக்குக்கூட அங்கே செத்த பிறகு ஒரு நிரந்தர முகவரி கிடைத்துவிடும். மனிதர்களில் பலருக்கு அந்த யோகம் இல்லை. அந்தக் கூடத்தின் வடக்கு ஜன்னலோரம், வெயில் நேராக விழாத இடத்தில், பென்சிலின் மேசை. அதே மேசையின் எதிர்ப்பக்கம் அவருடைய அக்கா.

அக்கா செடிகளைப் படித்துப் பட்டம் பெற்றவர். தம்பி பரீட்சைகளைப் பார்த்துப் பயந்தவர். ஒருநாள் கல்லூரியிலிருந்து அக்கா ஒரு செண்பகக் கொம்பை ஒடித்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். திரும்பி வந்தபோது, தம்பி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கொம்பை வரைந்துவைத்திருந்தார். கணக்கு நோட்டில் அதற்கு முன்னால் சரியாக இருந்தது எதுவும் கிடையாது.

"இது என்னடா, கொம்பைச் சுத்தி மோதிரம் மோதிரமா போட்டிருக்க?"

"இருந்துச்சு, வரைஞ்சேன்."

"எதுக்கு இருக்குன்னு தெரியுமா?"

"அத செடிகிட்ட கேளு. நானா வச்சேன்?"

அக்கா சிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்து மரங்களில் ஒவ்வொரு தளிரும் ஒரு குல்லாய்க்குள் பிறக்கும் என்று சொன்னார். தளிர் விரிந்ததும் குல்லாய் கழன்று விழும். அது கழன்ற இடத்தில் கொம்பைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு நிற்கும். பூ இல்லாவிட்டாலும், காய் இல்லாவிட்டாலும், அந்த வளையத்தைப் பார்த்தால் செண்பகத்தின் சொந்தக்காரர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப நான் சாப்பிடலாமா?" என்றார்.

அதுதான் இருவருக்கும் இடையே போடப்பட்ட ஒப்பந்தம். எழுதிக் கையெழுத்திடவில்லையே தவிர, நாட்டுக்கு நாடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்களைவிட அதிக காலம் நீடித்தது. தெரிந்துகொள்வது அக்காவின் இலாகா. வரைவது தம்பியின் இலாகா. அக்கா கூடத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த சில ஆண்டுகளில், தம்பியையும் படம் வரைபவராக உள்ளே இழுத்துக்கொண்டார். அக்காவை முதல் வாரத்தில் மேடம் என்று அழைத்த இயக்குநர்கள் அத்தனை பேரும் முதல் மாதம் முடிவதற்குள் அக்கா என்றே அழைக்கத் தொடங்கினார்கள். அவர் ஓய்வுபெற்ற மறுநாள், வழக்கம்போல் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கும் துணிச்சல் நிர்வாகத்தில் ஒருவருக்கும் இல்லை.

அக்கா தன் ஆயுளை ஒரே குடும்பத்துக்குக் கொடுத்தார். சொந்தக் குடும்பம் என்று எண்ணிவிட வேண்டாம். கல்யாணம் பண்ணிக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. செண்பகமும் மக்னோலியாவும் சேர்ந்த மரக் குடும்பம் அது. பூக்கிற மரங்களில் மிகப் பழைய வம்சங்களில் ஒன்று. தேனீ என்ற பிராணி உலகத்தில் தலைகாட்டுவதற்கு முன்பே இவை பூத்துவிட்டன. அப்போது வேலைக்குக் கிடைத்தது வண்டு மட்டுமே. வண்டுக்கு நாசூக்குத் தெரியாது. உட்கார்ந்த இடத்தைக் கடித்துப் பார்க்கும். அதனால் இந்தப் பூக்களின் இதழ்கள் தோல்போலத் தடித்திருக்கும். பிற்பாடு வந்த பூக்கள் வெளியே பச்சையாகப் புல்லி, உள்ளே வண்ணமாக அல்லி என்று வாசல்காரனையும் வீட்டுக்காரனையும் பிரித்துக்கொண்டன. இந்தக் குடும்பம் பெரும்பாலும் அந்தப் பாகுபாட்டுக்குப் போகவில்லை. எல்லா இதழும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நடுவில் ஒரு கூம்பு. அதன் அடியைச் சுற்றிச் சுருள் சுருளாக மகரந்தத் தாள்கள். மேற்பகுதி முழுக்கச் சுருள் சுருளாகச் சூலகங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு சூல்முடி. காய் முற்றி வெடித்தால் சிவப்பு விதைகள் மெல்லிய நூலில் தொங்கி ஆடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழக்கவழக்கத்தை மாற்றிக்கொள்ளாத வம்சம். "நம்ம அக்கா மாதிரியே" என்று பென்சில் சொல்வார், அக்கா காதில் விழாத தூரத்தில்.

இந்தக் குடும்பத்துப் பூவுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். பூ முதல் சாயங்காலம் விரியும்போது பெண். சூல்முடிகள் ஈரமாகப் பளபளத்து வெளிப்பக்கம் சுருண்டு நிற்கும். மகரந்தத் தாள்கள் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, இன்னும் திறக்காமல் இருக்கும். வாசனைக்கு வந்த வண்டை உள்ளே வைத்து இதழ்கள் மூடிக்கொள்ளும். மறுநாள் சாயங்காலம் மறுபடி விரியும்போது அதே பூ ஆண். சூல்முடிகள் காய்ந்து பழுப்பேறி ஒடுங்கியிருக்கும். தாள்கள் பிரிந்து மகரந்தத்தைக் கொட்டி, தாமும் இதழ்களில் உதிர்ந்து கிடக்கும். வண்டு அந்தப் பொடியைப் பூசிக்கொண்டு வேறொரு பூவுக்குப் போகும். தன் மகரந்தம் தனக்கே விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. இரண்டு நிலையும் ஒரே நேரத்தில் ஒரு பூவில் இருக்காது.

ஆகவே வரைகிறவர் அவசரப்பட வேண்டும். பென்சில் அவசரப்படவில்லை, அவருக்காக அக்கா அவசரப்பட்டார். பென்சிலின் முறை நடுவிலிருந்து வெளியே வருவது. கஷ்டமான கூம்பை முதலில் முடிப்பார், பிறகு தாள்கள், பிறகு இதழ்கள், கடைசியில் இலை. அக்கா எதிரே உட்கார்ந்து லென்ஸை வைத்துக்கொண்டு பூவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பூ நிலை மாறத் தொடங்கிய கணத்தில் மேசையைத் தட்டுவார்.

"நிறுத்து. போதும். வேற பூ எடு."

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா."

"கொஞ்சம் இருக்குறது உன் படத்துல. பூவுல இல்ல. எடு வேற."

பென்சில் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பூவை எடுப்பார். இத்தனை காலமும் அவர் தலைநிமிர்ந்து பூவின் நேரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. பூவின் வழக்கம் அவருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை உரிய நேரத்தில் நினைவுபடுத்திக்கொள்வது வேறு இலாகா.

வீட்டில் அவரை ஆட்டிப்படைத்த இலாகா மனைவியின் தம்பி. ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். தம் அக்கா புருஷனான பென்சிலைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"மாமா, நான் ஒரு கிளிக்ல முடிக்கிற வேலைக்கு உங்களுக்கு ஒரு மாசச் சம்பளம் குடுக்கறாங்களே, இத யாரும் மேலிடத்துல சொல்லலையா?"

"உன் கேமராவுக்கு எது முக்கியம்னு தெரியாது மாப்ள. தூசியையும் சேத்து எடுக்கும்."

"தூசியும் நிஜந்தானே மாமா?"

"உன் கடை வாசல்ல மாட்டியிருக்கியே, அந்தப் பொண்ணு மூக்கு மட்டும் நிஜமா?"

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஆம்பளைங்க ரெண்டு பேரும் படம் காட்டறதவிட இந்தத் துணிய மடிச்சு வச்சா நல்லாயிருக்கும் என்பது அவருடைய நிலையான கருத்து.

இப்படியே போயிருந்தால் இந்தச் சரித்திரம் இங்கேயே முடிந்திருக்கும். அக்காவின் கண்ணில்தான் வினை வந்தது.

முதலில் எழுத்துகள் நடுவில் கலங்கின. கண் டாக்டர் விளக்கைப் பிடித்து, சொட்டு விட்டு, நெடுநேரம் பார்த்துவிட்டு, பார்வையின் ஓரம் இப்போதைக்கு நிற்கும், நடு போய்க்கொண்டிருக்கிறது என்றார். அக்கா ஆராய்ச்சியாளர் அல்லவா, வீட்டுக்கு வந்து தாமே சோதித்துப் பார்த்தார். ஜாடியிலிருந்த ஒரு பூவை நேராகப் பார்த்தால் இதழ்கள் தெரிந்தன, நடுவில் புகைமூட்டம். ஆயுள் முழுக்க எதை லென்ஸ் வைத்துப் பார்த்தாரோ, சரியாக அந்த இடம் இல்லை.

"பாத்தியாடா, எங்க கை வச்சிருக்கு பாரு" என்றார். வேறொருவர் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.  தம்பி காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். அது ஏற்கெனவே சீவியிருந்தது.

அந்த நேரத்தில் அக்காவின் புத்தகம் முடியும் தறுவாயில் இருந்தது. குடும்பத்து இனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம், ஒரு முழுப்பக்க வண்ணப்படம். எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. கடைசி அத்தியாயத்து மரம், அக்கா இளம் வயதில் மலையிலிருந்து விதையாகக் கொண்டுவந்து தோட்டத்து மூலையில் ஊன்றியது. இந்தக் குடும்பத்து மரங்கள் பூப்பதற்கு ஆண்டுக்கணக்காக யோசிக்கும்; இது ஆழ்ந்த சிந்தனையாளர். அண்மையில்தான் பூக்கத் தொடங்கியிருந்தது, அதுவும் உச்சாணியில், வருடத்துக்கு ஒருமுறை, சில நாட்கள். உயிருள்ள பூவைப் பார்த்து வரைந்த படம் அதற்கு உலகத்தில் எங்கும் இல்லை.

புதிய இயக்குநர் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் மேலே அதிகாரிகள் இருக்கிறார்கள். மேசைக்கு வந்து நின்றபடியே சொன்னார்.

"அக்கா, இந்த வருஷம் அச்சுக்குக் குடுத்துடணும். அடுத்த வருஷம் நான் இங்க இருப்பேனான்னே தெரியல. வர்றவருக்குப் பூன்னா பிடிக்குமோ, கட்டடம்னா பிடிக்குமோ."

"குடுத்துடலாம். மரம் பூக்கட்டும்" என்றார் அக்கா.

மரம் பூத்தது. ஏணி எட்டும் கிளையில் ஒரே ஒரு மொட்டு இருந்தது. அந்த வாரம் அக்காவுக்குக் கண்ணில் ஊசி போட்டுக் கட்டுப்போட்டு, வீட்டை விட்டு அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பென்சில் தனியாக ஏணியேறி, கொம்போடு வெட்டி இறக்கி, தண்ணீர் ஜாடியில் வைத்து, வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் தம் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையையும் ரப்பரையும் வைத்தார். காலியாக இருப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் பூ விரிந்தது. கூடத்தில் அந்துருண்டை நெடி முதன்முறையாகத் தோற்றது. பழுத்த பழமும் புது மரப்பலகையும் சேர்ந்தாற்போல் ஒரு வாசனை. பென்சில் வழக்கப்படி நடுக்கூம்பிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு சூல்முடியும் ஈரத்தில் மினுங்கி, வெளியே வளைந்து நின்றது. அந்த மினுக்கத்தைக் காகிதத்தின் வெள்ளையையே விட்டுவிட்டுப் பிடித்தார்; அதைவிட நன்றாக அவர் எதையும் வரைந்ததில்லை. இருட்டுவதற்குள் கூம்பு முடிந்தது. பூ மூடிக்கொண்டது. அவரும் தூரிகையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் பகலில் இலைகளையும் கொம்பின் வளையங்களையும் வரைந்தார். சாயங்காலம் பூ மறுபடி விரிந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தாள்கள் தளர்ந்து பிரிந்திருந்தன. சில இதழ்களின் குழிவில் உதிர்ந்து கிடந்தன. அவற்றை உதிர்ந்தபடியே வரைந்தார், ஒவ்வொன்றின் நிழலோடும். கண் தாள்களில் இருந்தது. கூம்புதான் முடிந்துவிட்டதே, அதை ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்?

மேசையைத் தட்ட ஆளில்லை.

படத்தை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது போட்டோக்கார மாப்பிள்ளை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார். வாய் சும்மா இருந்தது. அதுவே பெரிய செய்தி. பிறகு, "மாமா, இத நான் எடுத்திருந்தா கடைய மூடிட்டு ஊரச் சுத்தப் போயிருப்பேன்" என்றார். பென்சிலுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அந்த வார இறுதியில் அடித்த காற்றில், உச்சியில் மிச்சமிருந்த பூக்களும் கொட்டிப்போயின.

இயக்குநரிடம் ஒப்படைப்பதற்கு முந்தைய தினம், படத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் அக்காவின் அறைக்குப் போனார். கட்டைப் பிரித்திருந்தார்கள்; ஊசி பலிக்கவில்லை, ஓரமும் போய்க்கொண்டிருந்தது. இப்போது அக்காவுக்கு வெளிச்சமும் நிறத்தின் கறையும்தான் தெரிந்தன. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பென்சிலின் மனைவி அவருக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுடா. வெளியிலேர்ந்து உள்ள வா."

எப்போதும் அப்படித்தான். தம்பி உள்ளேயிருந்து வெளியே வரைவார். அக்கா வெளியேயிருந்து உள்ளே சரிபார்ப்பார். இருவரும் நடுவழியில் எங்கோ சந்தித்துக்கொள்வார்கள்.

"இலை எல்லாம் கொம்புல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி. மேல பச்சை, அடியில துரு நிறத்துல முடி."

"வளையம்?"

"ஒவ்வொரு கணுவுலயும் இருக்கு."

"ம். இதழ்?"

"ஒம்பது. எல்லாம் ஒண்ணுபோல. வெளி மூணு கொஞ்சம் பெருசு. வண்டு கடிச்ச தழும்பு ஒண்ணு, அதையும் விடல."

"நல்லது. தாள்?"

"பிரிஞ்சிருக்கு. கொஞ்சம் உதிர்ந்து இதழ்ல கெடக்கு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டாம் நாள். சரி. சூல்முடி?"

பென்சில் படத்தைப் பார்த்தார். ஈரமாக மினுங்கி, வெளிப்பக்கம் சுருண்டு நின்ற சூல்முடிகள் அவரைத் திருப்பிப் பார்த்தன.

 கோடு ஒவ்வொன்றும் நிஜம். நிறம் ஒவ்வொன்றும் நிஜம். ஒன்றுகூட அவர் கற்பனையில்லை. ஆனால் இப்படி ஒரு பூ இந்த மரத்தில் பூத்ததில்லை, பூக்கவும் பூக்காது. எதிர்ப் பக்கத்தில் அச்சாகப்போகும் அத்தியாயத்தில், இந்த இனம் இரண்டு நிலைகளையும் கண்டிப்பாகப் பிரித்துவைக்கிறது என்று அக்கா பத்தி பத்தியாக எழுதியிருந்தார். இந்தப் படம் அந்த எழுத்தின் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் ஒன்று அக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அல்லது, அதைவிட மோசமாக, படத்தை நம்பிவிடுவார்கள்.

"என்னடா, சூல்முடி?"

"பழுப்பா… காய்ஞ்சு, ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார் பென்சில்.

"அப்ப முடிஞ்சுது" என்றார் அக்கா. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தலைவாரிக்கொண்டிருந்த சீப்பு மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு மெதுவாக இறங்கியது.

அந்தப் பொய் சொல்ல அவருக்கு நிரம்பக் காரணங்கள் இருந்தன. நேர்மையான பொய்களுக்கு எப்போதும் காரணப் பஞ்சம் இருப்பதில்லை. மரம் இந்த ஆண்டுக்குக் கணக்கு முடித்துவிட்டது. புத்தகம் நாளை போகாவிட்டால் பிறகு போகாமலே இருந்துவிடலாம். அக்காவின் கண்களில் மிச்சமிருப்பது நிறங்களின் கறை. அவர் தம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் உட்கார வேண்டும்.

கூடத்துக்குத் திரும்பினார். மாப்பிள்ளை அங்கே பின்னாலேயே வந்து சேர்ந்தார். பென்சிலின் மனைவி தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருப்பார் போலும். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு நிம்மதிதான் வந்தது.

"இவ்வளவுதானா மாமா? நான் கூட யாருக்கோ உடம்புக்கு என்னமோன்னு ஓடிவந்தேன். சுரண்டி எடுத்துட்டு பழுப்ப அடிங்க. நான் டச்சப் பண்ணாத கல்யாண மாப்பிள்ளை இந்த ஊர்லயே கிடையாது. எல்லாரும் சந்தோஷமாத்தான் குடும்பம் நடத்தறாங்க."

"நான் அந்தப் பழுப்பப் பாக்கல மாப்ள."

"உலர்ந்த பூ அலமாரியில இருக்கில்ல? அதப் பாத்து அடிங்க."

"அது செத்த பூவோட பழுப்பு."

"பழுப்புல என்ன மாமா சாதி?"

பென்சில் சுரண்டும் பிளேடை எடுத்தார். முதல் சூல்முடியின் மேல் வைத்தார். கை நடுங்கவில்லை, வரைபவரின் கை, சொன்ன வேலையைச் செய்யப் பழகியது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு அக்கா இதையும் அதையும் கேட்பார். மழை வருமா, இந்தத் தட்டில் என்ன வைத்திருக்கிறார்கள், வாசலில் யார், என் முகம் எப்படியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தாம்தான் பதில். இன்றைக்கு இந்தக் கை ஒரு பழுப்பை அடித்துவிட்டால், வாயும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டுவிடும்.

பிளேடைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, படத்தை மூடும் மெல்லிய தாளை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா அதே நாற்காலியில்தான் இருந்தார். பென்சில் நின்றுகொண்டே சொன்னார், உட்காரத் தைரியமில்லை. கூம்பு முதல் நாள், தாள் இரண்டாம் நாள், சூல்முடி பழுப்பு என்றது பொய். எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

 தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"படத்துல தப்பு வரும்" என்றார் அக்கா. "நான் பக்கத்துல இல்ல, வந்துடுச்சு. அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நான் மேசையத் தட்டித் தட்டியே உன் கண்ண சோம்பேறியாக்கிட்டேன். அது என் தப்பு."

"அக்கா…"

"இருடா. பழுப்புன்னு சொன்னியே, அதச் சொல்லு. எப்படிடா சொன்ன? இனிமே நீ சொல்றதுதான்டா நான் பாக்கறது. அதுல நீ கை வச்சா நான் எங்க போய்ப் பாப்பேன்?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பென்சில் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மனைவி உள்ளேயிருந்து வந்து ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அக்காவுக்கும் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"அண்ணி, அவரு உங்களுக்காகத்தான்…"

"தெரியும்மா. எனக்காகப் பண்ணாதீங்க. எங்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க."

பிறகு, தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, அக்கா தீர்ப்பு வழங்கினார். படம் போகாது. புத்தகம் போகும். அந்தப் பக்கம் வெள்ளையாக இருக்கும். அடியில் ஒரே வரி: இந்த இனத்தின் பூ இன்னும் சரியாக வரையப்படவில்லை.

மறுநாள் இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வண்ணப் புத்தகத்துல வெள்ளைப் பக்கமா? மேல கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

"இருக்கறதச் சொல்லுங்க" என்றார் அக்கா.

புத்தகம் வந்தது. அறிஞர்கள் பாராட்டினார்கள். வெள்ளைப் பக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அச்சுப்பிழை என்று எண்ணிக்கொண்டு சில நூலகங்கள் பிரதியைத் திருப்பியனுப்பி வேறு கேட்டன. அனுப்பிய வேறு பிரதியும் அப்படியே இருப்பதைக் கண்டு மனம் உடைந்து சும்மா இருந்துவிட்டன. இயக்குநர் மாற்றலாகிப் போனார். வந்தவருக்குக் கட்டடம்தான் பிடித்தது. இரண்டாம் பதிப்பு என்ற பேச்சு அதோடு நின்றது. பென்சில் ஓய்வுபெற்றார், மறுநாள் அவரும் போய் உட்கார்ந்தார். வீட்டுப் பழக்கம்.

அடுத்த ஆண்டு மரம் பூக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, கைக்கு எட்டும் கிளைகளிலேயே மொட்டுகள் விட்டது. புத்தகம் இனி வராது. படத்தைக் கேட்பாரும் இல்லை. இருந்தாலும் பென்சில் சாயங்காலத்துக்கு ஒன்றாக இரண்டு காகிதங்களை இழுத்துக்கட்டி, பலகையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கே போனார். இந்த முறை கொம்பை வெட்டவில்லை. மாப்பிள்ளை கடையை மூடிவிட்டு இரண்டு நாற்காலிகளைச் சுமந்துவந்து போட்டார். நாற்காலியின் வரலாற்றுச் சிறப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, யாரும் சிரிக்காததால் புல்லில் போய் உட்கார்ந்தார். மனைவி அக்காவைக் கைப்பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். அக்காவுக்கு இப்போது வெளிச்சமும் அவ்வளவாக இல்லை. கையை நீட்டி, அருகிலிருந்த கொம்பைத் தொட்டு, விரலால் வளையங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், மொட்டின் அடியில் நிறுத்தினார்.

"வாசனை வருது. தொறந்துடுச்சா?"

பென்சில் பலகையைப் பார்க்கவில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்ல. வெளி இதழ் மூணும் தளர்ந்திருக்கு. உள்ள தெரியல."

கொஞ்ச நேரம் போயிற்று. ஒரு வண்டு வந்து மொட்டைச் சுற்றி, இடம் சரியில்லை என்று போய்விட்டது. அதையும் சொன்னார்.

"இப்ப?"

"ரெண்டாவது வரிசை பிரியுது. ஒண்ணு பிரிஞ்சுது. இன்னொண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு."

"சூல்முடி?"

அவர் எழுந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பூவின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். நன்றாகப் பார்த்தார்.

"தெரியலக்கா" என்றார். "தெரிஞ்சதும் சொல்றேன்."

அக்கா தலையசைத்தார். கொம்பிலிருந்து விரலை எடுக்காமல், நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார்.